மயில்கழுத்து நிற மஸ்டாங்கை விற்ற கதை

மஸ்டாங்கை விற்றுவிட்டேன். மே மாதக் கடைசி சனிக்கிழமை, காலை பதினொன்றரை மணி இருக்கும், எங்கள் வீட்டு வாசலில் இருந்து இன்னொருவர் அதை ஓட்டிக்கொண்டு போனார். தெரு முனையில் நின்று திரும்பும்போது பின்விளக்கு இரண்டும் எரிந்தன. இடது பக்க ஒயரை மூன்று தடவை மாற்றியிருக்கிறேன், அதனால் அது எரிகிறதா என்றுதான் கண் முதலில் போனது. அப்புறம் கராஜுக்குள் வந்து கதவை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

"எவ்வளவுக்குப் போச்சு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் அந்தத் தொகை கூடுதலா குறைச்சலா என்று புரிய வேண்டுமானால், அது என்ன வண்டி என்று முதலில் தெரியணும்.

1966ஆம் வருஷ ஃபோர்டு மஸ்டாங். இரண்டு கதவு, ஹார்ட்டாப் (மடக்க முடியாத தகட்டுக் கூரை), ஆட்டோமேட்டிக் கியர். மஸ்டாங் என்றதும் பலருக்கும், எட்டு சிலிண்டர் வி வடிவில் நிற்கும் வி-8 எஞ்சினின் உறுமல்தான் நினைவுக்கு வரும். என்னுடையது அது இல்லை. ஒரே வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டர், 200 கன அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 3.3 லிட்டர், 120 குதிரைத்திறன். உறுமாது. ஒரே சீராக, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசிக்கொண்டே போகிற மாதிரி ஓடும். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானபோது ஆரம்ப விலை 2,368 டாலர். அந்த விலைக்குக் கிடைத்தது ஆறு சிலிண்டர் வண்டிதான். சாதாரண சம்பளக்காரர்கள் வாங்கி, வேலைக்கும் கடைக்கும் ஓட்டியது இதைத்தான். எனக்கு இந்த வண்டி பிடித்ததற்கே அதுதான் காரணம். 1966 மாடலில் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதனால் அபூர்வமான வண்டி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

டிரைவர் கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில் கையகலத்துக்கு ஒரு தகடு இருக்கும். வண்டியின் ஜாதகம் அது. என் வண்டியின் எண் 6, எஃப், 07, டி என்று ஆரம்பிக்கும். 6 என்றால் 1966. எஃப் என்றால் டியர்போர்ன் ஆலை. 07 என்றால் ஹார்ட்டாப். டி என்றால் ஆறு சிலிண்டர். அந்த இடத்தில் சி என்றோ ஏ என்றோ கே என்றோ இருந்தால்தான் பிறக்கும்போதே வி-8. தேதிக் கட்டத்தில் 14சி, அதாவது மார்ச் 14. அதே மார்ச்சில்தான் பத்து லட்சமாவது மஸ்டாங் வெளியே வந்தது. நிறத்துக்கு யு. ஃபோர்டு அதற்கு வைத்த பெயர் 'டாஹோ டர்க்காய்ஸ்'. கோவையில் இருந்து ஃபோட்டோவைப் பார்த்த என் அம்மா, "மயில்கழுத்துக் கலரு கண்ணு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு மயில்கழுத்து என்றே பேர்.

2011 அக்டோபரில் வாங்கினேன். நாங்கள் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில் கேன்டன். வண்டி பிறந்த டியர்போர்ன் அதிக தூரமில்லை. முதலில் வாங்கி, கடைசிவரை வைத்திருந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவர் காலமான பிறகு மகள் விற்றார். 1994இல் இருந்து கராஜில் அசையாமல் நின்ற வண்டி. 4,200 டாலர் கொடுத்தேன். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் வந்தது. டீச்சர் பெட்ரோல் போட்ட தேதி, மைல், ஆயில் மாற்றிய நாள் எல்லாவற்றையும் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். அந்தக் காலத்து மைல்மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். 1983 ஜூலையில் ஒரு நாள், ஐந்து பூஜ்யத்தை வரிசையாகப் போட்டுக் கீழே கோடு இழுத்திருந்தார். ஆக மீட்டர் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் காட்டினாலும், வண்டி ஓடியது ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் மைல். இதை மனதில் வையுங்கள், பிறகு வருகிறது.

வாங்கும்போது மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கார்ப்பெட்டை உரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எப்போதோ யாரோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் துருப்பிடித்த தரையை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே தகரத்தை ரிவெட் அடித்து, தாரைப் பூசி மூடியிருந்தார்கள். டீச்சர் அதற்குக் காசு கொடுத்த ரசீது நோட்டுக்குள்ளேயே மடித்து இருந்தது. தரை புதுசாகிவிட்டது என்று நம்பித்தான் அவர் அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் ஓட்டியிருக்கிறார். அந்த ரசீதைப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

தரை போனதற்குக் காரணம் தரையில் இல்லை. இந்த மஸ்டாங்குகளில் பானெட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சல்லடை இருக்கும். காற்று உள்ளே வருவதற்காக வைத்தது. மழைத்தண்ணீரும் அதில்தான் இறங்கி, உள்ளே இருக்கும் இரட்டைத் தகட்டுப் பெட்டி வழியாக ஓரமாக வடிந்து போகணும். இலைதழை அடைத்து, பனிக்காலத்தில் சாலையில் போடும் உப்பும் சேர்ந்தால் அந்தப் பெட்டி உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும். அப்புறம் மழை பெய்தால் தண்ணீர் நேராக ஓட்டுகிறவர் கால் மேல் சொட்டும். அதைச் சரிசெய்ய வேண்டுமானால் வரிசையாக இருக்கும் ஸ்பாட் வெல்டு ஒவ்வொன்றையும் டிரில் போட்டுக் குடைந்து, மேல் தகட்டை முழுசாகக் கழற்றணும். 2012 குளிர்காலம் முழுக்க எனக்கு அதுதான் வேலை. இரவு எட்டு மணிக்கு மேல், சின்ன ஹீட்டரை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளி.

அடுத்த கோடையில் அப்பா வந்தார்.

என் அப்பா உக்கடத்துப் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். அம்பாசடர், ஃபியட், லாரி கேபின் என்று எது நசுங்கி வந்தாலும் தட்டி நிமிர்த்துவார். அமெரிக்கா வந்து முதல் வாரம் எங்கேயும் போகப் பிடிக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வாரம் கராஜுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். முன்பக்க இடது மட்கார்டில் விளக்குக்குப் பின்னால் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அமுங்கி இருந்தது. நான் புது மட்கார்டு ஆர்டர் போடப்போவதாகச் சொன்னேன். அப்பா விரலை மடக்கி அதன் மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்குக் கண்ணு புதுசு? இது நல்ல தகடு. இப்ப வர்றதெல்லாம் இந்தக் கனம் இருக்காது" என்றார்.

கொட்டாப்புளி வேண்டும் என்றார். இங்கே கடையில் கிடைத்த மரச்சுத்தியல் அவருக்குக் கை ஒட்டவில்லை. ஒரு மேப்பிள் கட்டையை வாங்கி அவரே இழைத்து, காம்பு போட்டுக்கொண்டார். மட்கார்டைக் கழற்றி இரண்டு மணல் மூட்டை மேல் கவிழ்த்துப் போட்டு, முதலில் பள்ளத்தின் நடுவில் அடிக்கவே இல்லை. ஓரத்தில் இருந்து சுற்றிச் சுற்றி, விரலால் தட்டுகிற அளவுக்குச் சின்னச் சின்ன அடி. தகடு தானாக எழும்பி வந்தது. ஓர் இடத்தில் தகடு நீண்டுபோய் 'டொக் டொக்' என்று உள்ளே வெளியே போய்க்கொண்டிருந்தது. அங்கே மட்டும் காஸ் டார்ச்சால் ஒரு காசு அகலத்துக்குச் சிவக்கச் சூடு காட்டி, உடனே ஈரத்துணியை வைத்து அழுத்தினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. துணியை எடுத்தால் தகடு விறைப்பாக நின்றது. அப்புறம் அடியில் டாலி என்கிற இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே சுத்தியல். நான்கு நாள் ஆனது. பள்ளத்தை நிரப்பி மறைக்கிற பூச்சுக்குப் பட்டி என்று பெயர். வெளிப்பக்கம் அது துளி வைக்கவில்லை. "பட்டி போட்டா பார்க்கிறவனுக்குத் தெரியாது. தட்டுறவனுக்குத் தெரியும்" என்பது பட்டறையில் அவர் சின்னப் பையன்களிடம் சொல்வது. என்னிடமும் சொன்னார். அந்த மட்கார்டின் அடியில் கையை விட்டுத் தடவினால், அடித்த தடம் மீன் செதில் மாதிரி வரிசையாக விரலில் தட்டுப்படும். அடிப்பக்கம் பெயின்ட் மட்டும்தான் அடித்தேன். தடத்தை மறைக்க மனம் வரவில்லை.

அப்பா 2019இல் தவறிப்போனார்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரை இரண்டு பக்கமும் புதுத் தகடு, சரியாக வெட்டி வெல்டு வைத்தது. எஞ்சினை இறக்கி ரீபோர் செய்து, ஈயம் இல்லாத பெட்ரோலுக்குத் தாங்கும்படி வால்வு சீட் மாற்றினேன். பிரேக்கில் மட்டும் ஒரிஜினலை விட்டு விலகினேன். 1966 வண்டியில், பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். எங்கேயாவது ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967இல் இருந்துதான் ஃபோர்டு மஸ்டாங்குக்கு இரட்டை அறை போட்டது. மகளை உட்கார வைத்து ஓட்டப்போகிற வண்டி. அதனால் இரட்டை அறை போட்டேன். 2016 ஆகஸ்டில் முதன்முதலாக உட்வர்ட் அவென்யூவில் ஓட்டினேன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் மூன்றாவது சனிக்கிழமை, ஃபெர்ன்டேலில் இருந்து பான்டியாக் வரைக்கும் பழைய வண்டிகள் ஊர்வலமாகப் போகும். 1995இல் இருந்து நடக்கிறது. எங்களைச் சுற்றிப் பெரிய எஞ்சின்களெல்லாம் முழங்கிக்கொண்டு போயின. நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வயசான பெண்மணிகள் எங்கள் வண்டிக்குத்தான் எழுந்து நின்று கையாட்டினார்கள். "நான் வேலைக்குப் போனது இந்த வண்டியில்தான்" என்று மூன்று பேர் சொன்னார்கள்.

அப்படியானால் ஏன் விற்றாய் என்று கேட்கலாம். அம்மா கோவையில் தனியாக இருக்கிறார். போன வருஷம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இந்த வருஷக் கடைசியில் நாங்கள் ஊருக்கே திரும்புகிறோம். வீட்டையும் விற்கிறோம். மகள் சியாட்டலில் ஒரு அபார்ட்மென்டில் இருக்கிறாள், அவளுக்கு நிறுத்த இடமில்லை. கப்பலில் ஏற்றிக்கொண்டு போகலாமே என்றார்கள் சில நண்பர்கள். அந்தச் செலவும் அலைச்சலும் எனக்குக் கட்டுபடியாகாது. யாராவது தெரிந்தவர் கராஜில் விட்டுவிட்டுப் போகவும் மனசு ஒப்பவில்லை. ஓடாத வண்டி கெட்டுப்போகும். பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும், பிரேக் சிலிண்டர் இறுகிவிடும். 1994இல் இருந்து ஒரு தடவை அப்படி நின்ற வண்டி அது. இன்னொரு தடவை அப்படி நிறுத்த நான் தயாராக இல்லை.

சரி, விலைக்கு வருவோம். வாங்கியது 4,200. உதிரி, எஞ்சின் வேலை, பெயின்ட், மெத்தை எல்லாம் சேர்த்து ரசீது இருப்பது மட்டும் 27,600 டாலர். என் உழைப்பும் அப்பாவின் உழைப்பும் கணக்கில் இல்லை. இந்தத் தொகை திரும்ப வராது என்பது எனக்கு முதலிலேயே தெரியும். இதே வேலையை, கூரை பின்பக்கம் வரை சரிந்து இறங்குகிற ஒரு வி-8 ஃபாஸ்ட்பேக்குக்குச் செய்திருந்தால் கதை வேறு. ஆறு சிலிண்டர் ஹார்ட்டாப்புக்குச் சந்தை அவ்வளவுதான் தரும். பழைய வண்டிகளுக்கு ஹேகர்ட்டி நிறுவனம் ஒன்றில் இருந்து நான்கு வரை தரம் பிரித்து விலை போடுகிறது. ஒன்று என்றால் போட்டியில் வைக்கிற வண்டி. மூன்று என்றால் நன்றாக ஓடுகிற, நெருங்கிப் பார்த்தால் குறை தெரிகிற வண்டி. என்னுடையது மூன்று. அதற்குமேல் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது. 22,500 என்று போட்டேன்.

விளம்பரத்தை எழுத மூன்று இரவு பிடித்தது. குறையில் இருந்துதான் ஆரம்பித்தேன். மைல் ஒரு சுற்று முடிந்தது. தரை மாற்றியது. பிரேக் ஒரிஜினல் இல்லை. வலது பின்பக்க மட்கார்டின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டி இருக்கிறது. டாஷ்போர்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு வெடிப்பு. துருப்பிடித்த தரையின் பழைய ஃபோட்டோ பதினாறு போட்டேன். அதற்கப்புறம்தான் பளபளப்பான ஃபோட்டோ. மனைவி படித்துவிட்டு, "ஏங்க, பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட முதல்லயே இப்படியெல்லாம் சொல்லுவாங்களா?" என்று கேட்டாள். டீச்சரின் ரசீதை எடுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ஃபோட்டோவை அவளே இன்னும் தெளிவாக எடுத்துக் கொடுத்தாள்.

முதல் வாரம் வந்த மெயில்களில் பாதி மோசடி. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நான் வெளியூரில் இருக்கிறேன், வண்டியைப் பார்க்கத் தேவையில்லை, வங்கியே எழுதித் தருகிற கேஷியர்ஸ் செக் அனுப்புகிறேன், விலையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும், மிச்சத்தை டிரக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுங்கள். வங்கியில் போட்டால் முதலில் கணக்கில் பணம் காட்டும். போலி என்று தெரிய சில நாள், சில சமயம் வாரங்கள் ஆகும். அதற்குள் 'மிச்சப் பணம்' நம் கையில் இருந்து போயிருக்கும். பழைய வண்டி விற்கப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கவனமாக இருங்கள். வாங்குபவரின் வங்கிக் கிளைக்கே நேரில் போய், கவுன்டரில் அவர்கள் செக் எழுதித் தருவதைக் கண்ணால் பார்த்து வாங்குவதுதான் நிம்மதி.

நேரில் முதலில் வந்தவர் பழைய வண்டிகளை வாங்கி விற்கிறவர். கையில் காந்தத்தோடு வந்தார். துணியில் சுற்றிய சின்னக் காந்தம். தகட்டில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. வண்டியைச் சுற்றி அரை மணி நேரம் வைத்துப் பார்த்தார். நான் சொன்ன அந்த இரண்டு விரல் இடத்தைத் தவிர எங்கும் வழுக்கவில்லை. ஆள் திறமைசாலி, வேலை தெரிந்தவர், அதில் சந்தேகமில்லை. கடைசியில் 14,000 ரொக்கம் என்றார். பிறகு டீச்சரின் நோட்டை எடுத்துப் புரட்டிவிட்டு, "இது இல்லாவிட்டால் இது முப்பத்தெட்டாயிரம் மைல் வண்டி, தெரியுமா? இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பதினேழு தருகிறேன்" என்றார். ஒரு நோட்டுக்கு மூவாயிரம் டாலர். நோட்டு வண்டியோடுதான் போகும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. பதினேழாயிரத்தை விட்டதற்காக இல்லை. என் கையை விட்டுப் போனபிறகு அந்த நோட்டைக் குப்பையில் போட யாருக்கும் ஒரு நிமிஷம் போதும் என்று அன்றுதான் உறைத்தது. அடுத்த நாளே விற்பனைப் பத்திரத்தின் வாசகத்தை மாற்றினேன். மொத்த மைல் 1,38,000க்கு மேல் என்று அதிலேயே எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுவது என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்து ஒரு இளைஞர். மிக நல்ல பையன், முதல் மஸ்டாங் வாங்கப் போகிறார். ஆறு சிலிண்டரைக் கழற்றிவிட்டு வி-8 போட ஆசை. எஞ்சினை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தார். சக்கரத்தைக் காட்டினேன். ஆறு சிலிண்டர் வண்டிக்குச் சக்கரத்தில் நான்கு போல்ட், வி-8க்கு ஐந்து. அந்த ஒரு போல்ட்டுக்குப் பின்னால் பின் ஆக்ஸில், முன் ஸ்பிண்டில், பிரேக், ஸ்டியரிங் இணைப்பு, ஸ்பிரிங், ரேடியேட்டர் எல்லாமே வேறு. அத்தனையும் மாற்றுகிற செலவுக்குப் பிறப்பிலேயே வி-8ஆக இருக்கிற, கொஞ்சம் சுமாரான வண்டியை வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். காப்பி குடித்துவிட்டு, வாங்காமல் போனார். எனக்கு வருத்தமே இல்லை.

மூன்றாவது வாரம் ஃபெர்ன்டேலில் இருந்து ஒரு அம்மா வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ், எழுபது வயசு இருக்கும். கூடவே அவர் தம்பி, முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். அந்த அம்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய முதல் வண்டி ஒரு பழைய ஆறு சிலிண்டர் மஸ்டாங்காம். அதை விற்றதை நினைத்து இன்னும் வருத்தப்படுகிறார். கதவைத் திறந்து உட்கார்ந்ததும் அவர் முதலில் ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை. கையை நீட்டி, பார்க்காமலே, விளக்குக் குமிழைத் தொட்டார். அது எங்கே இருக்கும் என்று அவர் கைக்கு ஞாபகம் இருந்தது.

தம்பி பேசவே இல்லை. என் தோட்டத்துக் குழாயைக் கேட்டு வாங்கி, முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சல்லடையில் தண்ணீரைத் திறந்துவிட்டார். அக்காவை உள்ளே உட்கார வைத்து, கார்ப்பெட்டைத் தூக்கி, காலடியில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். ஐந்து நிமிஷம். குளிர்காலம் முழுக்க நான் குடைந்த ஒவ்வொரு புள்ளியும் எனக்கு ஞாபகம் வந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் முன் சக்கரத்துக்குப் பின்னால் சுத்தமாக வடிந்து, வாசல் சிமென்டில் ஓடியது. "காய்ந்துதான் இருக்கு" என்றார் அந்த அம்மா. தம்பி குழாயை மூடிவிட்டு, அப்போதுதான் முதன்முதலாக என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு முட்டிபோட்டு, இடது மட்கார்டின் அடியில் கையை விட்டார். கை ஓரிடத்தில் நின்றது. மறுபடியும் மெதுவாக முன்னும் பின்னும் தடவினார். வெளிப்பக்கம் காந்தத்தை வைத்தார், ஒட்டிக்கொண்டது.

"இதை யார் செய்தது?"

"என் அப்பா."

"பட்டியே இல்லை."

"இல்லை."

"இப்படிச் செய்கிற ஆளை நான் பார்த்து இருபது வருஷம் ஆச்சு" என்றார். அக்காவைக் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்து, அந்த இடத்தில் வைத்தார். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இத்தனைக்கும் பிறகு என் தவறு ஒன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும். 2312 என்று இருந்தது, அதாவது 2012ஆம் வருஷம் 23ஆவது வாரம். பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருந்ததால் நான் பார்க்கவே இல்லை. அந்த வயசு ரப்பரை நம்பி நெடுஞ்சாலையில் போகக் கூடாது. எல்லாக் குறையையும் எழுதினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான்கு டயருக்கு 700 குறைத்துக்கொள்வதாக நானே சொன்னேன். அந்த அம்மா முதலில் இருபதாயிரம் கேட்டிருந்தார். 21,500இல் வந்து நின்றோம். டயர் போக 20,800. கை குலுக்கினோம்.

வெள்ளிக்கிழமை வங்கி, அங்கிருந்து நேராக மாநில அலுவலகம். டைட்டில் பத்திரத்தில் கையெழுத்து ஐந்து நிமிஷ வேலை. ஆறு சதவீத விற்பனை வரியை வாங்குபவர் அங்கேயே கட்டுவார். மிச்சிகனில் நம்பர் பிளேட் வண்டியோடு போகாது, விற்றவரோடு இருக்கும். சனிக்கிழமை காலை அவர்கள் புதுப் பிளேட்டோடு வருவதற்கு முன்னால், நானே ஸ்குரூடிரைவர் எடுத்து என்னுடையதைக் கழற்றினேன். பழைய வண்டிகளுக்குத் தருகிற 'ஹிஸ்டாரிக்' பிளேட் அது. ஊர்வலம், கண்காட்சி என்றுதான் ஓட்டலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் இஷ்டப்படி ஓட்டலாம். எங்களுக்கு வருஷத்தில் நிஜமான மாதம் ஆகஸ்ட்தான்.

ஃபைலை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். ரசீதுகள், துருப்பிடித்த தரையின் ஃபோட்டோக்கள், டீச்சரின் நோட்டு, அந்தப் பொய் வேலையின் ரசீது உட்பட. அப்பா மட்கார்டு மேல் குனிந்திருக்கும் ஒரு ஃபோட்டோவின் பிரதியும் அதில் இருக்கிறது. கொட்டாப்புளியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். அது பெட்டியில் ஊருக்கு வரும்.

அன்று ராத்திரி அம்மா ஃபோனில், "மயில்கழுத்த வித்துப்போட்டயா கண்ணு?" என்றார். வித்துட்டேம்மா என்றேன். "நல்லா வச்சுக்குவாங்களா?" வச்சுக்குவாங்கம்மா.

போன வாரம் ஒரு குளிர்ந்த காலை, ஏழு மணிக்கு அந்த அம்மா கூப்பிட்டார். ஸ்டார்ட் ஆகவில்லை, செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது என்று குரலில் பதற்றம். சாவியை விடச் சொன்னேன். ஆக்சிலரேட்டரைத் தரைவரைக்கும் ஒரே தடவை மிதித்துக் காலை எடுத்துவிடுங்கள், அப்போதுதான் சோக் மூடும், அப்புறம் காலை வைக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள் என்றேன். ஃபோனை சீட்டில் வைத்துவிட்டார் போல. செல்ஃப் இரண்டு சுற்றுச் சுற்றுவது கேட்டது, பிடித்துக்கொண்டது. ஒரு நிமிஷம் கழித்து ஃபோனை எடுத்து, "இப்போது என்ன செய்யணும்?" என்று கேட்டார். அப்படியே இரண்டு நிமிஷம் ஓடட்டும், சத்தம் தானாகக் கொஞ்சம் தணியும், தணிந்ததும் ஆக்சிலரேட்டரை லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்புங்கள் என்று சொன்னேன்.